நூறு நாள் இடைவெளி

அன்புள்ள ஐயா,

நான் பாலக்கோடு வட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் ஆசிரியை. சென்ற ஆண்டு என் பன்னிரண்டாம் வகுப்பில் இருவரைத் தவிர எல்லோரும் தேர்ச்சி பெற்றார்கள். பள்ளியே கொண்டாடியது. ஆனால் ஆடி மாதம் ஒவ்வொருவராகத் தொலைபேசியில் விசாரித்தபோது, பாதிப் பேர்கூடக் கல்லூரியில் சேரவில்லை என்று தெரிந்தது. பெண்கள் சிலர் ஓசூர்ப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போய் விடுதியில் இருக்கிறார்கள். பையன்கள் பெங்களூருக்குச் சென்ட்ரிங் வேலைக்கும் சமையல் வேலைக்கும் போய்விட்டார்கள். நன்றாகப் படித்த ஒரு பெண்ணுக்குத் திருமணமே முடிந்திருந்தது. இந்த ஆண்டும் தன்னம்பிக்கைப் பேச்சாளர் ஒருவரை அழைக்கலாம் என்கிறார் தலைமையாசிரியர். எனக்கு அதில் நம்பிக்கை போய்விட்டது. பள்ளிக்குப் பிறகான வாழ்க்கைக்கு இந்தப் பிள்ளைகளை எப்படித் தயார்செய்வது? நீங்களும் இந்த மாவட்டத்துக்காரர் என்பதால் கேட்கிறேன். என் பெயர் வேண்டாம்.

ஓர் ஆசிரியை

*

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

பேச்சாளரை அழைப்பதில் தவறொன்றும் இல்லை. பிள்ளைகளுக்கு அரைநாள் வகுப்பு இல்லாமல் போகும் மகிழ்ச்சியாவது கிடைக்கும். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது ‘ஆடி மாதம் விசாரித்தபோது’ என்ற சொற்கள். உங்கள் பிள்ளைகள் போனது ஆடியில் அல்ல, சித்திரையிலும் வைகாசியிலும். நீங்கள் விசாரித்தபோது எல்லாம் முடிந்து இரண்டு மாதம் ஆகியிருக்கும்.

பன்னிரண்டாம் வகுப்பின் கடைசித் தேர்வு மார்ச் இறுதியில் முடிகிறது. முடிவுகள் மே மாதம் வருகின்றன. கலை அறிவியல் கல்லூரிகள் ஜூன் இறுதியிலோ ஜூலையிலோ திறக்கின்றன. பொறியியல் கலந்தாய்வு அதற்கும் பின்னால் போகிறது. ஏறக்குறைய நூறு நாட்கள் அந்தப் பிள்ளை எந்தப் பதிவேட்டிலும் இல்லை. (நம் ஊரில் நூறு நாள் என்றால் வேறொன்று நினைவுக்கு வரும், நான் அதைச் சொல்லவில்லை.) இந்த நாட்கள் நம் பக்கத்தில் என்ன நாட்கள் என்று யோசித்துப் பாருங்கள். புளி உடைப்பு முடிகிற தறுவாய், பிறகு மாங்காய் இறக்கம். கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், பர்கூர்ப் பக்கம் மாங்கூழ் தொழிற்சாலைகளுக்குப் பெங்களூரா என்கிற கிளிமூக்கு மாங்காய் வண்டி வண்டியாகப் போகும்போது எத்தனை கை இருந்தாலும் வேலை இருக்கும். பெங்களூரிலோ எப்போதும் வேலை இருக்கிறது. வைகாசியும் ஆனியும் முகூர்த்த மாதங்கள். சும்மா இருக்கும் பதினேழு வயதுப் பையன் முதல் வாரக் கூலியைக் கையில் வாங்கிவிட்டால், ஜூன் மாதக் கல்லூரி விண்ணப்பம் அவனுக்கு எட்டாத தூரத்துக்குப் போய்விடுகிறது. பெண் வீட்டில் சும்மா இருந்தால் யாராவது ஒரு சம்பந்தம் சொல்லிக்கொண்டு வருகிறார்கள்.

இதை நான் வெளியிலிருந்து சொல்லவில்லை. நான் மேல்நிலைத் தேர்வு எழுதியது 1987இல். அந்தப் படிப்பு முறை தமிழ்நாட்டுக்கு வந்தே ஒன்பது ஆண்டுதான் ஆகியிருந்தது; எங்கள் வீட்டில் அதைத் தாண்டியவர் எவருமில்லை. சேலத்தில் ஒரு கல்லூரிக்கு விண்ணப்பித்தேன். சாதிச் சான்றிதழில் அப்பாவின் பெயர் ஒருவிதமாகவும் பள்ளிச் சான்றிதழில் வேறுவிதமாகவும் இருந்தது. திருத்தி வாங்கி வரச் சொன்னார்கள். அதற்கென்று ஓர் அலுவலகத்துக்கு மூன்று நாள் போனேன். மூன்று நாளும் தூணோரம் நின்றேன். என்னை யாரும் என்ன என்று கேட்கவில்லை, நானும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் எனக்குப் பின்னால் வந்த ஒருவர் நேராக உள்ளே போய், இதே போன்ற திருத்தத்துக்கு ஒரு வெள்ளைத்தாளில் மனு எழுதிக் கொடுத்துவிட்டுப் பத்து நிமிடத்தில் வெளியே வந்தார். அதைப் பார்த்த பிறகும் நான் உள்ளே போகவில்லை. தேதி கடந்துவிட்டது. அந்த ஆண்டு முழுவதும் கிருஷ்ணகிரியில் ஒரு மாங்காய் மண்டியில் எடைச்சீட்டு எழுதினேன். கிருஷ்ணகிரி அப்போது தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தது, 2004இல்தான் பிரிந்தது. ஓராண்டு கழித்துக் கல்லூரிக்குப் போனேன் என்றால் அதற்குக் காரணம் என் முயற்சி அல்ல, மண்டிக்காரரின் அதட்டல்.

ஆகவே, தயார்செய்வது என்று நீங்கள் சொல்வதை, இந்த நூறு நாளைக் கடக்கவைப்பது என்று சுருக்கிக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். அதற்கு ஒரு பகுதி காகிதம், இன்னொரு பகுதி வாய்.

காகிதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சாதி, வருமானம், இருப்பிடம், முதல் பட்டதாரி ஆகிய சான்றிதழ்களுக்கு மே மாதம் இ-சேவை மையத்தில் வரிசையில் நிற்பதற்குப் பதில், அரையாண்டுத் தேர்வு விடுமுறையிலேயே விண்ணப்பிக்க வையுங்கள். ஆதாரில் உள்ள பெயரும் முன்னெழுத்தும் பள்ளிப் பதிவில் உள்ளவையும் ஒன்றா என்று, பொதுத்தேர்வுப் பெயர்ப்பட்டியல் போவதற்கு முன்பே ஒருநாள் உட்கார்ந்து பாருங்கள். வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசும் குடும்பங்கள் நம் பக்கத்தில் நிறைய. ஒரே முனியப்பா மூன்று காகிதத்தில் மூன்று எழுத்துக்கூட்டலில் இருப்பார். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளில் 2021 முதலும் 7.5 விழுக்காடு இடம் உண்டு. அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே செலுத்துகிறது. பெண்களுக்கு 2022 முதல் புதுமைப் பெண், பையன்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் என மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. கலைக் கல்லூரிக்கு மட்டுமல்ல, பாலிடெக்னிக்குக்கும் ஐடிஐக்கும் உண்டு. இவற்றை எல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பீர்கள். பெற்றோருக்கு, குறிப்பாக அம்மாக்களுக்குச் சொன்னீர்களா என்பதுதான் என் ஐயம். கல்லூரிக்குப் போனால் செலவு என்று நினைக்கும் வீட்டில், போனால் மாதம் ஆயிரம் வரும் என்ற செய்தி ஒரு சம்பந்தப் பேச்சை ஓராண்டு தள்ளிவைக்கும் வலிமை கொண்டது.

வாய் என்று சொன்னது இதைவிடக் கடினம். போன ஆனி மாதம் பென்னாகரத்தில் ஒரு வங்கிக் கிளையில் காத்திருந்தேன். பக்கத்தில் ஒரு பெண், பணம் எடுக்கும் சலானை நீட்டி, “ஐயா, இதைக் கொஞ்சம் எழுதித் தர்றீங்களா?” என்றாள். நீயே எழுது, நான் பார்க்கிறேன் என்றேன். கணக்கு எண்ணை ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் இலக்கமாக, அச்சடித்ததுபோல எழுதினாள். தொகையை எழுத்தால் எழுதும் இடத்தில் ‘நான்காயிரம்’ என்று எழுதிவிட்டுத் தலையைத் தூக்கி, ‘மட்டும்’ என்று போட வேண்டுமா என்று கேட்டாள். என்ன படித்தாய் என்றேன். பிளஸ் டூ முடித்துவிட்டாளாம், கணக்குப்பதிவியலில் தொண்ணூற்றெட்டு. உங்கள் பாடம்தான். சலானோடு போனவள் ஒரு நிமிடத்தில் திரும்பி, என்னைக்கூடப் பார்க்காமல் வாசலை நோக்கி நடந்தாள். கூப்பிட்டுக் கேட்டேன். “கையெழுத்து மாறுதுன்னு சொல்லிட்டாங்க.” உதவித்தொகைக்காக ஏழாம் வகுப்பில் தொடங்கிய கணக்கு, குழந்தைக் கையில் போட்ட கையெழுத்து. அப்படியானால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாயா? கேட்கவில்லை. போய்க் கேள் என்று திருப்பி அனுப்பினேன். பதினெட்டு நிறைந்தவர்கள் ஆதார் நகலோடு புதிய கையெழுத்தைக் கொடுத்தால் கணக்கு தொடரும் என்றார் அதே எழுத்தர், எந்தச் சிடுசிடுப்பும் இல்லாமல். முதல் முறையும் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

அந்தப் பெண் வாசலை நோக்கி நடந்த நடை எனக்குத் தெரிந்த நடை. பன்னிரண்டு ஆண்டுகள் நாம் அவர்களைக் கேட்ட கேள்விக்குப் பதில் எழுதவே பழக்குகிறோம். வகுப்பில் எழுந்து கேட்பவன் வாயாடி. பெண் கேட்டால் அதற்கு இன்னும் மோசமான பெயர். பிறகு திடீரென்று ஒருநாள், கல்லூரி அலுவலகத்திலும் வங்கியிலும் வட்டாட்சியர் அலுவலகத்திலும், கேட்டால்தான் எதுவும் நடக்கும் என்ற உலகத்தில் கொண்டுபோய் விடுகிறோம்.

பேச்சாளருக்கான அந்த அரைநாளில் நான் செய்யச் சொல்வது இதுதான். இருவர் இருவராக வெளியே அனுப்புங்கள். ஒரு ஜோடி தருமபுரி அரசுக் கலைக் கல்லூரிக்குப் போய், தமிழ்வழியில் என்னென்ன பாடம் உண்டு, போன ஆண்டு கடைசியாக எந்த மதிப்பெண்ணுக்கு இடம் கிடைத்தது என்று கேட்டு வரட்டும். இன்னொரு ஜோடி ஐடிஐக்குப் போய்ப் பட்டறைக்குள் நின்று பார்த்து வரட்டும். வேறொரு ஜோடி வங்கியில், தங்கள் ஆதார் எந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறது என்று கேட்கட்டும். இரண்டு கணக்கு இருந்தால் அரசு உதவி கடைசியாக இணைத்த கணக்குக்குத்தான் போகும் என்பது தெரியாமல், பணம் வரவில்லை என்று அலைகிறவர்கள் ஏராளம். ஆசிரியர் கூடவே போகக்கூடாது. பேருந்து நிலையத்தில் உட்கார்ந்திருந்தால் போதும். பெற்றோரின் ஒப்புதல் கடிதம், தலைமையாசிரியரின் தயக்கம் எல்லாம் உண்டு, தெரியும். சனிக்கிழமையில் வைத்துப் பாருங்கள். யாராவது ஒருவர் திட்டு வாங்கிக்கொண்டு திரும்பி வருவார். அதுவும் நல்லதுதான், திட்டு வாங்கியவர் மறுநாளும் பள்ளிக்கு வந்திருப்பதை மற்றவர்கள் பார்ப்பார்கள்.

ஓசூருக்குப் போன பெண்களைப் பற்றி நீங்கள் எழுதிய தொனி எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஒரு பதினெட்டு வயதுப் பெண் வட்டிக் கடனை அடைக்கிறாள் என்றால் அவள் தோற்றுப்போனவள் அல்ல. ஆனால் அவளும் கேட்கத் தெரிந்து போக வேண்டும். சம்பளச் சீட்டில் கம்பெனியின் பெயர் இருக்கிறதா, ஒப்பந்தக்காரரின் பெயரா? பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) பிடிக்கிறார்கள் என்றால், அதில் அவளுக்கென்று உள்ள யுஏஎன் எண் என்ன? வேலை மாறினாலும் அந்த எண் மாறாது என்பது பலருக்குத் தெரியாமல், பழைய பணம் அப்படியே கிடக்கிறது. இஎஸ்ஐ என்கிற தொழிலாளர் காப்பீட்டுக்குச் சம்பளத்தில் 0.75 விழுக்காடு பிடித்தால், மருத்துவமனைக்குப் போக அவளுக்கு உரிமை உண்டு. வேலையோடு படிக்க விரும்பினால் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. புதுமைப் பெண் உதவி மட்டும் அதற்குக் கிடைக்காது. வணிகவியல் வகுப்பில் ஒரு உண்மையான சம்பளச் சீட்டை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பாடம் நடத்துங்கள்.

திருமணமான பெண்ணின் வயதை நீங்கள் எழுதவில்லை. பதினெட்டு நிறையவில்லை என்றால் அது 2006ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி குற்றம் என்பதும், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் உங்களுக்குத் தெரியும். தெரிந்தவர்கள் ஊர்ப் பகைக்குப் பயந்து பேசாமல் இருக்கிறோம். நானும் ஒருமுறை இருந்திருக்கிறேன்.

இன்னும் ஒன்று. தொலைபேசி விசாரிப்பை ஆடியிலிருந்து சித்திரைக்கு மாற்றுங்கள். வாரம் ஐந்து பேர் என்று பிரித்துக்கொண்டால் இரண்டு ஆசிரியர்கள் போதும். “விண்ணப்பம் போட்டாயா?” என்ற ஒரு கேள்வி, என் மண்டிக்காரர் செய்ததைச் செய்யும். உயர்கல்வியில் சேராதவர்களுக்காக மாவட்டத்தில் நடக்கும் ‘உயர்வுக்குப் படி’ முகாமுக்கும் அந்தப் பட்டியலிலிருந்தே ஆள் அனுப்பலாம்.

உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது ‘இருவரைத் தவிர’ என்ற இடத்தில் நின்றேன். எல்லோரையும் பற்றி எழுதியிருக்கிறீர்கள், அந்த இருவரைப் பற்றி அதற்கு மேல் ஒரு வரியும் இல்லை. அவர்கள் துணைத்தேர்வு எழுதினார்களா? முடிவு வந்த சில நாட்களிலேயே அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். தேர்ச்சி பெற்றால் அதே ஆண்டில் கல்லூரியில் சேரலாம். எழுத விருப்பமில்லை என்றாலும், பத்தாம் வகுப்புச் சான்றிதழ் ஒன்றே ஐடிஐக்கும் பாலிடெக்னிக் முதலாமாண்டுக்கும் போதுமானது என்று யாராவது அவர்களிடம் சொன்னார்களா? தொலைபேசியில் வேண்டாம், அவர்கள் எடுக்கமாட்டார்கள். வீட்டுக்கு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.