எச்சில்கூட இறங்கவில்லை, தொண்டையோ சுத்தமாகத் தெரிகிறது

கேள்வி: என் கணவருக்கு வயது 46. சர்க்கரை நோய் உண்டு. நேற்று முதல் காய்ச்சலும் கடுமையான தொண்டை வலியும். டார்ச் அடித்துப் பார்த்த மருத்துவர், தொண்டையில் ஒன்றுமில்லை என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார். இப்போது எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் துப்புகிறார், குரலும் அமுங்கிவிட்டது. மாத்திரை கேட்கும்வரை காத்திருக்கலாமா?

பதில்: வேண்டாம். உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். அது வரும்வரை மீதியைப் படியுங்கள். காது மூக்கு தொண்டை மருத்துவரும் மயக்க மருத்துவரும் உள்ள மருத்துவமனையாக இருந்தால் நல்லது.

இவ்வளவு வலிக்கும் தொண்டை பார்வைக்குச் சுத்தமாக இருக்கிறதே, அதுதான் எனக்குக் கவலை தருகிறது. டார்ச் வெளிச்சம் அடிநாக்கைத் தாண்டாது. அதற்குக் கீழே, மூச்சுக்குழாயின் வாசலில் இலைபோல் நிற்கும் குரல்வளை மூடி வீங்கினால் வாய்வழியே தெரிவதில்லை. எபிகிளாட்டிடிஸ் எனப்படும் இந்த நோய் ஒருகாலத்தில் குழந்தைகளைத்தான் அதிகம் தாக்கியது. இதற்கு முக்கியக் காரணமான ஹிப் பாக்டீரியாவுக்கு எதிரான தடுப்பூசி பரவிய பிறகு பெரியவர்களிடமே அதிகம் காண்கிறோம். சர்க்கரை நோயாளிகளுக்கு அபாயம் கூடுதல்.

மூக்கு வழியாக மெல்லிய எண்டோஸ்கோப்பை விட்டுப் பார்த்தால் வீக்கம் நேரடியாகத் தெரிந்துவிடும். கழுத்தைப் பக்கவாட்டில் எடுக்கும் எக்ஸ்ரேயில் குரல்வளை மூடி கட்டைவிரல்போல் தடித்துத் தெரியலாம்; ஆனால் எக்ஸ்ரே சரியாக இருப்பதாலேயே நோய் இல்லை என்று விட்டுவிட முடியாது. சி.டி. ஸ்கேனுக்கு மல்லாந்து படுக்க வேண்டும். அப்போது மூச்சு அடைபடலாம் என்பதால், மூச்சுப்பாதை பத்திரம் என்று உறுதியான பிறகே அதற்கு அனுப்புவோம்.

வேறு காரணங்களும் உண்டு. வலி ஒரே பக்கம், வாயைத் திறக்க முடியவில்லை, உள்நாக்கு ஒதுங்கியிருக்கிறது என்றால் டான்சிலை ஒட்டிய சீழ்க்கட்டியாக இருக்கலாம். ஊசியால் சீழை எடுத்தாலே பெரிய நிம்மதி கிடைக்கும். கீழ்க் கடைவாய்ப்பல் சொத்தையைத் தொடர்ந்து தாடைக்கு அடியில் கல்லாக இறுகி, நாக்கு மேலெழும்பினால் அது லுட்விக் ஆஞ்சைனா என்ற வாயடித் தொற்று. அதுவும் மூச்சை அடைக்கக்கூடியது.

ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் நிமிர்ந்தே உட்காரட்டும், படுக்க வைக்காதீர்கள். தொண்டைக்குள் கரண்டியோ விரலோ விட வேண்டாம். தண்ணீர், உணவு, மாத்திரை எதுவும் வாய்வழி கொடுக்க வேண்டாம். மூச்சை இழுக்கும்போது கீச்சென்ற ஒலி கேட்டால் பாதை மிகவும் குறுகிவிட்டது என்று பொருள். ஒலி இல்லை என்று தாமதிக்கவும் கூடாது.

மருத்துவமனையில் செஃப்ட்ரியாக்சோன் போன்ற ஆன்டிபயாடிக்கை நரம்பு வழியாகச் செலுத்துவார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் கண்காணிப்பார்கள். பெரியவர்களில் பலருக்கு மூச்சுவிடச் செயற்கைக் குழாய் தேவைப்படுவதில்லை. வீக்கம் வடிய ஸ்டீராய்டும் கொடுக்கலாம், அதனால் சர்க்கரை ஏறும். ஆகவே அவருடைய சர்க்கரை மாத்திரைகளைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் போனவுடன் சொல்லிவிடுங்கள்.