ஆர்.ஓ. தண்ணீர் நூலாக வடிகிறதே?

கேள்வி: திருமங்கலம் பக்கம் எங்கள் போர் தண்ணீரின் டி.டி.எஸ். (கரைந்த உப்பின் அளவு) 1,400. ஆர்.ஓ. சுத்திகரிப்பானில் உப்பை வடிகட்டும் மெம்பரேனை மாற்றி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தண்ணீர் நூலாக வடிகிறது. மறுபடி மாற்றணுமா?

பதில்: பொறுங்கள். முதலில் மெம்பரேனுக்கு முன்னால் உள்ள செடிமென்ட் (மண், தூசு பிடிப்பது), கார்பன் (குளோரின், வாடை நீக்குவது) ஃபில்டர்களைப் பாருங்கள். அடைத்திருந்தால் பம்புக்குத் தண்ணீர் போதாது, அழுத்தம் ஏறாது. அவையும் பம்பும் சரியென்றால் பெரும்பாலும் மெம்பரேனில் உப்பு படிந்திருக்கும்; மாற்றத்தான் வேண்டும். கூடவே கழிவுநீர்க் குழாயில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஃப்ளோ ரெஸ்ட்ரிக்டரையும் மாற்றுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். அது அடைத்தால் உப்பு வெளியேறாமல் உள்ளேயே செறிந்து புது மெம்பரேனையும் கெடுக்கும். தண்ணீர் வீணாகிறதே என்று அந்தக் குழாயை நெருக்கினாலும் இதே கதிதான். கழிவுநீரைப் பக்கெட்டில் பிடித்துத் தரை துடையுங்கள்.

மதுரைக்குள் வைகைக் குழாய்த் தண்ணீர் டி.டி.எஸ். 500-க்குக் கீழே காட்டி, பரிசோதனையில் வேறு குறையும் இல்லையென்றால் ஆர்.ஓ. தண்டச் செலவு. யு.எஃப். (நுண்துளை வடிகட்டி), யு.வி. (கிருமி கொல்லும் புற ஊதா விளக்கு) இரண்டும் போதும்.