'மேக் எ கொஸ்டியன்': 'டூ' போட்டாலும் தப்புதான்

கேள்வி கேட்பதை ஆங்கிலத்தில் 'மேக் எ கொஸ்டியன்' என்று சொல்லும் உங்கள் மெக்சிகோ மாணவர், 'மேக்'கை எடுத்துவிட்டு 'டூ எ கொஸ்டியன்' என்றாலும் சரியாகாது. கேள்விக்கு 'ஆஸ்க்'தான்.

ஸ்பானிஷில் 'அசேர்' என்ற ஒரே வினை கேக், வீட்டுப்பாடம், கேள்வி, பார்ட்டி எல்லாவற்றுக்கும் ஓடும். அனேகமாக அதைத்தான் அப்படியே தூக்கிப் போடுகிறார்.

கேக், ஹோம்வொர்க், கொஸ்டியன், பார்ட்டி: நான்கையும் வாக்கியத்தில் சொல்லச் சொல்லுங்கள். நான்குக்கும் 'மேக்' வந்தால் காரணம் அதுவே. மாறி மாறி வந்தால், அரைகுறை விதியை வைத்து ஊகிக்கிறார். 'புதிதாக உண்டாக்கினால் மேக், வேலையென்றால் டூ' என்ற விதி பாதி தூரம்தான் வரும். 'மேக் த பெட்' என்றால் படுக்கையை ஒழுங்குபடுத்துவது; யாரும் கட்டில் செய்வதில்லையே! ஜோடி ஜோடியாகப் பழக்குங்கள்: 'டூ ஹோம்வொர்க்', 'ஹேவ் எ பார்ட்டி'.

'டேக் எ டிசிஷன்' என்றால் மட்டும் தப்பென்று அடிக்காதீர்கள். அது ஸ்பானிஷ் வாடைபோலத் தெரியும். ஆனால் பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் புழங்குவதுதான்.