பயந்தது யார்?

கேள்வி: நீங்கள் சிபாரிசு செய்த சிறுவர் மாயாஜால சாகச நாவலை என் மகள் இரண்டே நாளில் முடித்துவிட்டு அடுத்த பாகம் கேட்கிறாள். எனக்குப் பாதிக்கு மேல் ஓடவில்லை. பிள்ளைகளின் பெற்றோரையே காணோம். சூனியக்காரக் கிழவி பயமுறுத்துகிறாள். லாஜிக் இல்லை, நீதியும் இல்லை. படித்த நண்பர்களும் இதையே சொல்கிறார்கள். இது எந்த வயதினருக்கான புத்தகம்?

பதில்: எந்த வயது! 1936-ல் டோல்கீனின் மாயாஜால நாவலான 'தி ஹாபிட்' பிரதி கைக்கு வந்ததும், லண்டன் பதிப்பாளர் ஸ்டான்லி அன்வின் அதைத் தன் பத்து வயது மகன் ரேனரிடம் படிக்கக் கொடுத்தார். கூலி ஒரு ஷில்லிங். கதை நன்றாக இருக்கிறது, வரைபடங்கள் இருந்தால் வேறு படங்களே வேண்டாம், ஐந்து முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று பையன் எழுதிக் கொடுத்தான். மறுவருடம் புத்தகம் வந்தது. அவன் போட்ட வயதுக் கணக்கை யாரும் மதிக்கவில்லை, தாத்தாக்கள்கூடப் படிக்கிறார்கள். 'நன்றாக இருக்கிறது' என்ற தீர்ப்பு மட்டும் இன்றும் நிற்கிறது. வரைபடம் பற்றி அவன் சொன்னதும் சரிதான். பாதி மலை நடுத் தையலுக்குள் போய்விடும்படி வரைபடம் அச்சிடுகிற பதிப்பாளர்கள் கவனிக்க வேண்டும்.

2008-ல் பிரிட்டிஷ் பதிப்பாளர்கள் அட்டையிலேயே வயதை அச்சிடக் கிளம்பியபோது பிலிப் புல்மன் போன்ற எழுத்தாளர்கள் சண்டைக்குப் போனார்கள். நான் அவர்கள் கட்சி. மெதுவாகப் படிக்கிற பன்னிரண்டு வயதுப் பையன், '7+' என்று போட்ட புத்தகத்தை நண்பர்கள் எதிரில் கையில் எடுப்பானா?

பெற்றோரைக் காணோம் என்கிறீர்கள். அம்மா பக்கத்தில் இருந்தால் "இருட்டிப்போச்சு, உள்ளே வா" என்பாள், மூன்றாம் பக்கத்தில் கதை முடிந்துவிடும். 'ஓஸ் மந்திரவாதி' கதையில் சிறுமி டோரதியைச் சூறாவளி வீட்டோடு தூக்கிப்போகிறது. சி.எஸ். லூயிஸின் முதல் நார்னியா கதையில் அந்த மாய உலகத்துக்குள் போகும் பிள்ளைகள், போர்க்காலக் குண்டுவீச்சுக்குப் பயந்து லண்டனிலிருந்து அனுப்பப்பட்டவர்கள். பெரியவர்கள் விலகிய பிறகுதான் யாரை நம்புவது, யாரைக் காப்பாற்றுவது என்று பிள்ளைகளே முடிவெடுக்கிறார்கள். நீங்கள் தேடும் நீதி அங்கேதான் இருக்கிறது. அதைக் கடைசிப் பக்கத்தில் கட்டம் கட்டிப் போட்டால் எந்தப் பிள்ளையும் படிக்காது.

அப்புறம் லாஜிக். மாயப் போர்வை இரவில்தான் வேலை செய்யும் என்று 20-ம் பக்கத்தில் சொல்லிவிட்டு, 200-ம் பக்கத்தில் பட்டப்பகலில் வேலை செய்யவைத்தால் அது குற்றம். அதை முதலில் பிடிப்பது பிள்ளைகள்தான். போர்வையால் எப்படி ஆளை மறைக்க முடியும் என்று கேட்பவர்கள் பெரியவர்கள்.

கிழவியைப் பார்த்து மகள் பயந்ததாக உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. நண்பர்களின் கருத்தையும் சேர்த்து எழுதியிருக்கிறீர்கள், அவளுடைய கருத்தைக் கேட்கவில்லை. அடுத்த கடிதத்தை அவளே எழுதட்டும். எங்கே பயந்தாள், எங்கே இழுவை, கதை தன் விதியை எங்காவது மீறியதா? வந்தால் ஓர் எழுத்துகூட மாற்றாமல் இதே பக்கத்தில் போடுகிறேன். அதற்குள் அடுத்த பாகத்தை வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.