செபித்தும் ஒன்றும் மாறவில்லை என்றால் எப்படி விடாமல் செபிப்பது? மகிழ்ச்சி எங்கிருந்து வரும்?

எட்டு மாதமாக ஒரே மன்றாட்டைத்தான் கேட்கிறீர்கள், வீட்டில் கஷ்டம் கூடியதே தவிரக் குறையவில்லை, இந்த நிலையில் 'எப்பொழுதும் மகிழ்ச்சியாக இருங்கள்' என்று யாராவது வசனம் அனுப்பினால் கோபம்தான் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கோபம் எனக்கும் வந்தது. அதனால்தான் இந்தக் கேள்வியைக் கடந்துபோக முடியவில்லை.

நான் திருகோணமலை. கத்தோலிக்கக் குடும்பம், கடற்தொழில். 2021 மார்கழியில், வாடைக்காற்று அடித்துத் தம்பி தொழிலுக்குப் போகாமல் வீட்டிலிருந்த ஒரு காலையில், அம்மா குசினியில் விழுந்தார். பாரிசவாதம். வலப்பக்கம் இயங்கவில்லை, பேச்சும் போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அவரிடம் மிஞ்சியிருந்தது 'ம்' என்ற ஒரு ஒலி. என் பெயரைச் சொல்ல வாயெடுப்பார், வராது, கண்ணீர் வரும்.

அம்மா பேச வேண்டும். இதுதான் என் மன்றாட்டு. ஒன்பது நாள் தொடர்ந்து செபிக்கும் நவநாள் செய்தேன். பாலையூற்று லூர்து மாதா கோயிலுக்கு நடந்து போனேன். மாசி 11, லூர்து மாதா திருநாள், உலக நோயாளர் நாளும் அதுதான். அன்றைக்கு ஏதாவது நடக்கும் என்று உள்ளூர நம்பினேன். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு 2022 எப்படிப் போனது என்று இலங்கையில் இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. மண்ணெண்ணெய்க்குக் கியூ. ஆவணியில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ஆனது. இயந்திரப் படகுக்காரனுக்கு அந்த விலை என்ன செய்யும்? கடல் அமைதியாகக் கிடந்த காலத்திலும் தம்பியின் படகு கரையிலேயே கிடந்தது.

அந்த மாதங்களில் செபிப்பது நின்றுபோனது. செபமாலையைக் கையில் எடுப்பேன், வாய் திறக்காது. தெரிந்த ஒருவர் வீட்டுக்கு வந்து, "உங்கட விசுவாசம் காணாது" என்று சொல்லிவிட்டுப் போனார். உங்களிடமும் யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் அதைத் தூக்கிச் சுமக்காதீர்கள். தன் உடலில் தைத்த முள்ளை எடுத்துவிடும்படி பவுலடியார் மூன்று முறை கேட்டார், அது எடுக்கப்படவில்லை. "என் அருள் உனக்குப் போதும்" என்ற பதில்தான் வந்தது. பவுலுக்கா விசுவாசம் காணாது?

கோயிலில் குருவானவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோது இதைச் சொல்லி அழுதேன். சுவாமி புத்திமதி சொல்லவில்லை. இரண்டே விடயம் சொன்னார். செபமாலையின் ஐம்பத்துமூன்று மணியும் வேண்டாம், ஒரு நாளைக்குப் பத்து மணி போதும், ஆனால் தினமும் ஒரே நேரத்தில், அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து சொல். கோபம் வந்தால் அதையும் ஆண்டவரிடமே சொல். வீட்டுக்கு வந்து திருப்பாடல் 13ஐ எடுத்துப் பார்த்தேன். எத்தனை காலம் என்னை மறந்திருப்பீர் என்றுதான் அது தொடங்குகிறது. 88ஆம் திருப்பாடலோ இருளிலேயே முடிகிறது. அதை யாரும் வேதாகமத்திலிருந்து கிழித்தெறியவில்லை. முறையிடுகிறவனும் செபிக்கிறவன்தான்.

பின்னேரம் ஆறரைக்குத் தொடங்கினோம். கரண்ட் இல்லாத நாட்களில் ஒரு மெழுகுதிரி. தம்பி வாசற்படியில். பக்கத்து வீட்டு அன்ரி, பத்திரகாளி கோயிலுக்குப் போய்வந்து நெற்றியில் திருநீற்றோடு அம்மாவின் காலடியில் இருப்பார். செபமாலையின் அமைப்பே அப்படித்தானே: ஒருவர் முன்பாதி சொல்ல, மற்றவர்கள் பின்பாதி சொல்வார்கள். எனக்கு வாய் வராத நாட்களில் தம்பி முன்பாதியை எடுத்தான், நான் பின்பாதியை மட்டும் முணுமுணுத்தேன். 'இடைவிடாது செபியுங்கள்' என்ற வேதவசனத்தை அதுவரை தனி ஒருத்திக்கு இட்ட கட்டளையாகவே எண்ணிப் பயந்திருந்தேன். பவுல் அதை ஒரு சபைக்கு எழுதினார், 'செபியுங்கள்' என்று பன்மையில். தெசலோனிக்கேயில் துன்புறுத்தப்பட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு.

ஆறேழு கிழமை போயிருக்கும். தம்பி "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்க முன்னர், கட்டிலிலிருந்து ஒரு குரல் வந்தது.

"பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க..."

'அருள் நிறைந்த மரியே' செபத்தின் பழைய தமிழ் வடிவம். அம்மம்மா அம்மாவுக்குச் சின்ன வயதில் சொல்லிக் கொடுத்தது. எங்களோடு இருந்த காலமெல்லாம் அம்மா புதியதைத்தான் சொன்னார்; பழையது அவருக்குள் இருந்ததே எங்களுக்குத் தெரியாது. கொஞ்சம் குழறினாலும் முழுதாகச் சொன்னார். தம்பி எழுந்து நின்றுவிட்டான். அன்ரி வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் சிரித்தேன். அம்மா விழுந்த பிறகு நான் சத்தமாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

அற்புதம் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுப்பவர் பிறகு விளக்கினார்: புதிதாக ஒரு வசனத்தை யோசித்துச் சொல்வது வேறு, சின்ன வயதிலிருந்து மனப்பாடமாகிப்போன பாட்டும் செபமும் ஒன்று, இரண்டு என்ற எண்களும் வாயில் வருவது வேறு, முதலாவது போன பலருக்கு இரண்டாவது மிஞ்சியிருக்கும். அந்த விளக்கம் எனக்கு எந்த ஏமாற்றத்தையும் தரவில்லை. எழுபது வயதுப் பெண்ணுக்கு எல்லாச் சொல்லும் போன பிறகும் செபம் மட்டும் போகாமல் இருந்திருக்கிறது. அவர் அதை அவ்வளவு வருடம் விடாமல் சொன்னதால்தானே?

கேட்டது கிடைக்கவில்லை. தண்ணி வேண்டும் என்று அம்மாவால் இன்றும் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் மகிழ்ச்சியைப் பற்றிக் கேட்டீர்கள். கஷ்டம் முடிந்த பிறகு வருவதுதான் மகிழ்ச்சி என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். செபமாலையில் திங்களும் சனியும் நாம் நினைத்துச் செபிக்கும் இயேசு, மரியா வாழ்வின் நிகழ்வுகளான மகிழ்ச்சி மறையுண்மைகளைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். நான்காவதில், குழந்தை இயேசுவைக் கோயிலில் காணிக்கை கொடுக்கப் போன தாய் மரியாவிடம், உன் உள்ளத்தை ஒரு வாள் ஊடுருவும் என்கிறார் அங்கிருந்த சிமியோன். ஐந்தாவதில் மூன்று நாள் பிள்ளையைக் காணாமல் தேடுகிறார்கள். இவை துயர மறையுண்மைகள் அல்ல. வாளோடு சேர்த்துத்தான் திருச்சபை அதற்கு மகிழ்ச்சி என்று பெயர் வைத்திருக்கிறது.

ஆகவே என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: குறைத்துக்கொள்ளுங்கள், நேரத்தை மாற்றாதீர்கள், கோபத்தை ஒளிக்காதீர்கள், முன்பாதி சொல்ல ஒருவரைக் கூப்பிடுங்கள். உங்களோடு வீட்டில் யாரும் இல்லையென்றால் போனிலாவது.

எங்கள் வீட்டில் இப்போது அம்மாதான் முன்பாதி. பின்பாதியும் பழைய தமிழில்தான் வர வேண்டும் அவருக்கு. நேற்று 'சர்வேசுரனுடைய மாதாவே' என்னும் இடத்தில், பழக்கத்தில் 'இறைவனின் தாயே' என்று சொல்லிவிட்டேன். அம்மா இடக்கையால் கட்டில் சட்டத்தில் இரண்டு தட்டுத் தட்டினார். திரும்பச் சொன்னேன். அடுத்த மணிக்குப் போனோம்.