கயாக்கின் மேல்தளத்தில் நீர் புகாத மூடி

கேள்வி: மேலே அமர்ந்து துடுப்புப் போடும் வகைப் பிளாஸ்டிக் கயாக் படகு ஒன்று என்னிடம் உள்ளது. கைபேசியும் மாற்றுடையும் நனையாதிருக்க, முன்பக்க மேல்தளத்தை நானே வட்டமாக வெட்டி, 8 அங்குலத் திருகு மூடி ஒன்றை எபாக்சியால் ஒட்டினேன். மூன்றாம் முறை கடலுக்குச் சென்றபோதே ஓரம் பெயர்ந்து நீர் இறங்கிவிட்டது. வேறு எந்தப் பசை நிற்கும்?
- வாசகர், தூத்துக்குடி

பதில்: பசையை மாற்றிப் பயனில்லை. இவ்வகைக் கயாக்குகள் பெரும்பாலும், பசை எளிதில் பிடிக்காத பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்கால் ஆனவை. மொட்டை மாடியில் நிற்கும் தண்ணீர்த் தொட்டியும் அதே பொருள்தான். அந்தத் தொட்டியில் குழாய் பொருத்துபவர் பசையை நம்பாமல், ரப்பர் வாஷர் வைத்து உள்ளும் புறமும் முறுக்கி இறுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். இங்கும் நீரைத் தடுக்க வேண்டியது அந்த அழுத்தமே.

பழைய எபாக்சியை முழுவதும் சுரண்டி எடுங்கள். வெட்டிய விளிம்பில் கீறலோ பிசிறோ இருந்தால் வெடிப்பு அங்கிருந்துதான் தொடங்கும் என்பதால், அதை உப்புத்தாளால் வழவழப்பாகத் தேய்த்துவிடுங்கள். பிறகு மூடியின் சட்டத்துக்கும் மேல்தளத்துக்கும் இடையில் பியூட்டைல் நாடாவை, போல்ட்டுத் துளைகளையும் சுற்றி வரும்படி பதியுங்கள். வெயிலில் பிளாஸ்டிக் விரிந்து நீரில் சுருங்கும்போது, களிபோல் மென்மையாகவே இருக்கும் இந்த நாடாவும் உடன் நெகிழ்ந்து கொடுக்கும். கடல்நீருக்கு 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு போல்ட்டுகளே ஏற்றவை. உட்புறம் அகலமான வாஷரும் நைலான் பூட்டு நட்டும் போடுங்கள். எதிரெதிர் போல்ட்டுகளை மாறி மாறி இறுக்கி, நாடா விளிம்பில் இலேசாகப் பிதுங்கியதும் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் இறுக்கினால் போல்ட்டுகளுக்கு இடையே சட்டம் வளைந்து இடைவெளி விட்டுவிடும். மறுநாள் நாடா சற்றே அமர்ந்திருக்கும், அப்போது கால் சுற்று முறுக்கினால் போதும்.

பின்னர் உள்ளே ஒரு வாளி நீரை ஊற்றி, மூடியைத் திருகி, கயாக்கைக் கவிழ்த்து வைத்துப் பாருங்கள். சொட்டு எங்கே திரள்கிறதோ அங்கே குறியிட்டுச் சரிசெய்யலாம்.

ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நீங்கள் பொருத்தியிருப்பது கதவுதான். அதன் கீழே தனி அறை கிடையாது. இவ்வகைக் கயாக்கின் உட்புறம் முன்முனையிலிருந்து பின்முனை வரை தடுப்பின்றி ஒரே வெற்றிடமாக இருப்பதால், எங்கே நீர் புகுந்தாலும் அது நெடுகப் பாய்ந்து பக்கத்துக்குப் பக்கம் அலைந்து, படகின் நிலைத்தன்மையைக் கெடுத்துவிடும். ஆகவே பொருள்களை, வாயை மூன்று முறை மடித்துப் பூட்டும் நீர்புகாப் பையில் இட்டே உள்ளே வையுங்கள்; மிஞ்சும் இடத்தில் காற்றுப் பைகளைச் செருகுங்கள். அந்தத் துளை வழியே கைவிட்டுத் தடுப்புச் சுவர் கட்ட முயல வேண்டாம். ஓரங்களைச் சீராக அடைக்க முடியாது.

மூடியின் ரப்பர் வளையத்தில் ஒரு மணல் துகள் சிக்கினாலும் நீர் கசியும். ஒவ்வொரு முறையும் விரலால் வழித்துவிட்டே மூடுங்கள். கரையில் வெயிலில் நிற்கும்போது மூடியைத் தளர்த்தி வைத்து, உள்ளிருக்கும் காற்று ஆறிய பிறகே இறுக்கி நீரில் இறக்குங்கள். சூடேறிய காற்றை அடைத்தபடி இறக்கினால், அது குளிர்ந்து சுருங்கும்போது மிகச் சிறிய கசிவின் வழியாகவும் கடல்நீரை உள்ளே உறிஞ்சிவிடும்.