கட்டடத்தைப் படம் எடுத்து விற்க என்.ஓ.சி. வேண்டுமா?

கேள்வி: சில ஆண்டுகளாகச் சென்னையின் உயரமான கட்டடங்களைக் கறுப்பு வெள்ளையில் கலைப்படங்களாக எடுத்து வருகிறேன். அண்ணா சாலை எல்.ஐ.சி., தரமணி டைடல் பார்க், ஓ.எம்.ஆர். கண்ணாடிக் கட்டடங்கள் எல்லாம் உண்டு. ஒரு ஹோட்டல் தன் வரவேற்பறையில் மாட்ட 12 படங்கள் கேட்கிறது. நடுவில் இருக்கும் ஏஜென்ட், "ஒவ்வொரு கட்டட உரிமையாளரிடமும் என்.ஓ.சி. (ஆட்சேபமில்லை என்ற சான்று) வாங்காவிட்டால் காப்புரிமை வழக்கு வரும், படத்துக்கு 8,000 ரூபாய் கொடுத்தால் நானே வாங்கித் தருகிறேன்" என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். ஒரு ரூபாய்கூட.

முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்துகொள்வோம். காப்புரிமை என்பது கண்டுபிடிப்புக்குத் தருகிற பேட்டன்ட். உங்கள் விஷயம் பதிப்புரிமை, அதாவது காப்பிரைட். பத்திரிகைகளே இரண்டையும் குழப்பி எழுதுகின்றன, ஏஜென்டைக் குறை சொல்லி என்ன பயன்.

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 52-வது பிரிவு, எதெல்லாம் மீறல் ஆகாது என்று பட்டியல் போடுகிறது. கட்டடக்கலைப் படைப்பைப் புகைப்படம் எடுப்பதும், அந்தப் படத்தை வெளியிடுவதும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. காசுக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனை அங்கே இல்லை. எல்.ஐ.சி. கட்டடம் 1959-இல் திறந்தபோது நாட்டிலேயே உயரமானது. அதை வடிவமைத்தவர்களுக்கு உரிமை இல்லையா என்றால், உண்டு. அதே வடிவத்தில் இன்னொரு கட்டடம் எழுப்புகிறவரைத் தடுக்கத்தான் அந்த உரிமை. சாலையில் நின்று கேமராவை நிமிர்த்துகிறவரை அல்ல.

இன்னொன்றையும் கவனியுங்கள். அப்படியே ஓர் உரிமை குறுக்கே வந்தாலும் அது பெரும்பாலும் கட்டடத்தை வடிவமைத்தவருடையது. கட்டடத்தின் சொந்தக்காரர் கையெழுத்துப் போட்டு என்ன ஆகப்போகிறது? என்னிடம் வந்த ஒருவர் இப்படிப் பணம் கட்டி ஐந்து கடிதங்கள் வாங்கியிருந்தார். ஐந்திலும் கையெழுத்துப் போட்டிருந்தவர் லிப்ட், ஏ.சி. பார்த்துக்கொள்ளும் பராமரிப்பு மேலாளர்!

மும்பை தாஜ் மஹால் பேலஸ் ஹோட்டலைச் சொல்லியும் பயமுறுத்துவார்கள். அந்தக் கட்டடத்தின் தோற்றம் 2017-இல் ட்ரேட்மார்க்காகப் பதிவானது உண்மைதான். ஆனால் ட்ரேட்மார்க் என்பது வணிக அடையாளம். அதை உங்கள் பிஸ்கட் டப்பாவில் அச்சடித்தால் வம்பு. கலைப்படமாக பிரேம் போட்டுச் சுவரில் மாட்டுவது வேறு விஷயம்.

சரி, நிஜமாகவே கவனம் வேண்டிய ஒரு விதிவிலக்கு இருக்கிறது. சுவர் ஓவியம். கண்ணகி நகர் குடியிருப்புச் சுவர்களில் இருக்கிறதே, அதுபோல ஒரு கட்டடத்தின் முழுப் பக்கத்தையும் ஓவியம் நிறைத்திருந்தால் நீங்கள் எடுப்பது கட்டடத்தின் படம் மட்டும் அல்ல, ஓவியத்தின் படமும்தான். சட்டம் கட்டடத்துக்கு விலக்கு தருகிறது. பொது இடத்தில் நிரந்தரமாக உள்ள சிற்பத்துக்கும் தருகிறது, கைவினைப் படைப்புக்கும் தருகிறது. ஓவியத்தை மட்டும் விட்டுவிட்டது. இதில் வேடிக்கை, அதே சுவரை ஒரு சினிமாக்காரர் தன் படத்தில் காட்டலாம், அவருக்குத் தனியாக விலக்கு இருக்கிறது. மூவியில் வந்தால் குற்றமில்லை, ஸ்டில்லில் வந்தால் கேள்வி! 2012-இல் சட்டத்தைத் திருத்தியபோதாவது இதைச் சரிசெய்திருக்கலாம். செய்யவில்லை. எனவே உங்கள் 12 படங்களில் ஓவியமே பிரதானமாக இருக்கும் படம் இருந்தால், வரைந்தவரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்திடமோ கட்டட உரிமையாளரிடமோ அல்ல, வரைந்தவரிடம். அவரைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் அந்தப் படத்தை நீக்கிவிட்டு வேறொன்றை வையுங்கள்.

காவலாளிகள் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஐ.டி. வளாகத்துக்குள் நின்றால் அவர்கள் விதிதான். வெளியே பொதுச் சாலையில் நிற்கும் உங்களைப் படத்தை அழிக்கச் சொல்லும் அதிகாரம் எந்த செக்யூரிட்டிக்கும் இல்லை. டிரைபாடைப் பார்த்ததும் விசில் ஊதுவது அவர்களுக்குப் பழக்கமாகிவிட்டது. ட்ரோன் என்றால் அது தனிக் கதை, இங்கே வேண்டாம்.

எனக்குப் பயம், ஏஜென்ட் அடுத்து நீட்டப்போகும் ஒப்பந்தத்தைப் பற்றித்தான். "அனைத்து உரிமைகளும், உலகம் முழுவதும், நிரந்தரமாக" என்று ஒரு வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அடித்துவிடுங்கள். ஹோட்டல் வாங்குவது 12 அச்சுப் பிரதிகளை, பதிப்புரிமையை அல்ல. உரிமையை எழுதிக் கொடுத்தே தீர வேண்டும் என்றாலும் எத்தனை ஆண்டு என்று போடுங்கள். போடாவிட்டால் சட்டமே 5 ஆண்டு என்று எடுத்துக்கொள்ளும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று எடுத்துக்கொள்ளும். "நிரந்தரமாக, உலகம் முழுவதும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் இந்தப் பாதுகாப்பு போயிற்று.

ஏற்கெனவே எடுத்த படங்கள் உங்களுடையவை. ஆனால் "எங்களுக்காகப் புதிதாக நான்கு எடுத்துக் கொடுங்கள்" என்று ஹோட்டல் பணம் கொடுத்துச் சொன்னால், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாதபோது அந்த நான்கின் முதல் உரிமையாளர் ஹோட்டல்தான். 17-வது பிரிவு அப்படிச் சொல்கிறது. எத்தனையோ நல்ல புகைப்படக்காரர்கள் இதில்தான் தலையைக் கொடுத்தார்கள். புதிய படம் என்றால், பதிப்புரிமை என்னிடமே இருக்கும் என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகு கேமராவைத் தொடுங்கள்.

பதிப்புரிமைச் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்றும் ஏஜென்ட் அடுத்துச் சொல்லக்கூடும். படம் எடுத்த நொடியே உரிமை பிறந்துவிடுகிறது, பதிவு கட்டாயம் இல்லை. ஆசைப்பட்டால் நீங்களே இணையத்தில் விண்ணப்பிக்கலாம், கலைப்படைப்பு ஒன்றுக்குக் கட்டணம் 500 ரூபாய்.

ஹோட்டலின் கொள்முதல் பிரிவு, படிவத்தில் கட்டம் இருக்கிறது என்பதற்காகவே என்.ஓ.சி. கேட்கக்கூடும். சோப்பு வாங்குவதற்கும் படம் வாங்குவதற்கும் அங்கே ஒரே படிவம். அப்படியானால், பொது இடத்திலிருந்து நானே எடுத்த படங்கள் இவை என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் போதும். அதற்கு முன்னால் ஹோட்டலுக்கு நேரடியாக ஒரு போன் போட்டு, என்.ஓ.சி. கேட்டது நீங்களா ஏஜென்டா என்று விசாரியுங்கள்.